இடது பக்கம், மூன்றாவது பெஞ்சு

"இப்ப நேரா பாருங்கண்ணே" என்றார் பச்சைமுத்து.

"நேராத்தானே பாக்கறேன்" என்றார் ஜெயராஜ்.

"இல்லண்ணே. எதிர்ல கண்ணாடி இருக்கு பாருங்க, அதைப் பாருங்க."

ஜெயராஜ் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணாடியை அல்ல. சலூனின் இடது சுவரில் தொங்கிய, போன வருஷத்துக் காலண்டரை. தலையைக் கண்ணாடிப் பக்கம் கொண்டுவரப் பார்த்தார். பிடரியிலிருந்து தோள்பட்டை வரை சுரீரென்று ஒரு இழுப்பு. "ஐயோ அம்மா!" என்று கத்தினார். கத்தியதும் காலண்டரைப் பார்த்துத்தான்.

அவர் வந்தது முடி வெட்டிக்கொள்ள. தலைவலிக்கு ஒரு மசாஜும் சேர்த்து. பெங்களூர் அடுகோடியில் கம்பெனி கேப் இறக்கிவிடும் இடத்திலேயே பச்சைமுத்துவின் சலூன். முடி வெட்டிய பிறகு தலையில் நாலு தட்டு, தோளில் ரெண்டு குத்து, கடைசியில் மோவாயையும் உச்சியையும் பிடித்து வலது பக்கம் ஒரு சொடுக்கு. இது இலவசம். வலது பக்கச் சொடுக்கு ஜெயராஜுக்கு எப்போதும் பொரி பொரிந்த மாதிரி வரும். இடது பக்கம் மட்டும் வந்ததே இல்லை. அந்தப் பக்கம் கழுத்து பாதிக்கு மேல் திரும்பாது. பச்சைமுத்து அதை வெகுநாளாகத் தன் தொழிலுக்கு நேர்ந்த குறையாகவே நினைத்திருந்தார். இன்றைக்குக் கடையில் கூட்டமில்லை. "இருங்கண்ணே, இன்னிக்கு விடறதில்ல" என்று சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு திருப்பு.

டக்.

சொடுக்கு வந்துவிட்டது. தலைதான் திரும்பி வரவில்லை.

"இன்னொரு தரம் இந்தப் பக்கம் திருப்பிப் பாக்கட்டாண்ணே?"

"கையை எடுய்யா!" என்று எழுந்துகொண்டார் ஜெயராஜ்.

வலி கிடக்கட்டும். அவருக்கு உள்ளுக்குள் குளிர் எடுத்தது வேறொரு காரணத்தால். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் அவருக்கு இடது பக்கம் உட்காருவது யார் என்று ஆஸ்டின் டவுன் முழுக்கத் தெரியும். அவருடைய அண்ணன் டிரேவர். பதினொரு வருஷமாக ஜெயராஜ் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

சண்டை ஒரு போட்டோவால் வந்தது. அப்பா அடக்கத்தன்று பெட்டியை மூடுவதற்கு முன் எல்லாரையும் சுற்றி நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார்கள். ஒரே ஒரு படம். படம் எடுக்கும் நொடியில் டிரேவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கிவிட்டார். பிரிண்ட் வந்தபோது அண்ணன் முழங்கைக்குப் பின்னால் ஒரு காது தெரிந்தது. அந்தக் காதுதான் ஜெயராஜ்.

"அப்பா அடக்கத்துல நான் இல்லவே இல்லேங்கற மாதிரி ஆக்கிட்டியே" என்றார் ஜெயராஜ்.

"ஒரு போட்டோவுக்கா இவ்வளவு பேசற?" என்றார் டிரேவர்.

அவ்வளவுதான். அண்ணன் ஒரு வார்த்தை "சாரிடா" என்றிருந்தால் அன்றே முடிந்திருக்கும். தம்பி ஒரு நாள் பொறுத்திருந்தாலும் முடிந்திருக்கும். இரண்டும் நடக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஜெயராஜ் குடும்பப் பெஞ்சை விட்டு எழுந்து எதிர் வரிசைக்குப் போனார். அண்ணனுக்குப் பின்னால் போனால் தோற்ற மாதிரி, முன்னால் போனால் அவர் கண் பிடரியில் குத்தும். ஆகையால் அவருக்கு நேர் எதிரே, அதே மூன்றாவது பெஞ்சு, நடைபாதைக்கு இந்தப் பக்கம். பெஞ்சின் ஓரத்தில்தான் உட்காருவார். ஆராதனை முடிந்ததும் அண்ணனுக்கு முன்னால் வெளியே போய்விடலாம் அல்லவா? ஒன்றரை மணி நேரமும் முகத்தை வலது பக்கச் சுவருக்குக் கொடுத்துவிடுவார். பதினொரு வருஷத்தில் ஒரு ஞாயிறு தவறியதில்லை. வராமல் போனால் அண்ணன் சந்தோஷப்படுவார் என்ற பயம்.

வீட்டுக்குள் பக்கவாட்டாக நுழைந்த கணவரை டோரீன் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, யாரைத் தேடறீங்க?"

"கதவைத் தேடறேன். கழுத்து மாட்டிக்கிச்சு."

அவள் வெந்நீர்ப் பை வைத்தாள். துண்டைச் சுருட்டித் தலைக்கு முட்டுக் கொடுத்தாள். துண்டின் உருளல் தலையை இன்னும் இரண்டு அங்குலம் இடப்பக்கம் தள்ளிவிட்டது. அப்புறம் ஒரு பச்சைப் புட்டியைத் திறந்து தைலத்தை நெற்றிப்பொட்டிலிருந்து முதுகு வரை தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

"இப்படியே போனா நாளைக்கு நீங்க டிரேவர் மாமாவைத்தான் பாத்துக்கிட்டு உக்காரணும். அதுக்கு முன்னால மாமா விஷயமா உங்ககிட்ட ஒண்ணு..."

"டோரீன்! அந்தப் பேச்சு இந்த வீட்ல கிடையாது."

"ஒரு நிமிஷம் காது குடுங்களேன்."

"கிடையாதுன்னா கிடையாது."

டோரீன் புட்டியை மூடினாள். போன கிறிஸ்மஸுக்கு இப்படித்தான் அவள் பேச்செடுத்தபோது பாதித் தட்டு பிரியாணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனவர் அவர். அந்தப் பிரியாணியை நினைத்து ஒரு வாரம் வருத்தப்பட்டார். பேச்சு என்னவென்று மட்டும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை தைலம் இன்னொரு பூச்சு. கோயிலில் டோரீனை நடைபாதை ஓரத்தில் உட்கார வைத்துத் தான் உள்ளே தள்ளி உட்கார்ந்தார். நடுவில் ஆள் இருந்தால் மறைக்கும் என்ற கணக்கு. டோரீன் நாலடி பத்தங்குலம். அவள் தலைக்கு மேலே எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது.

பதினொரு வருஷத்துக்குப் பிறகு ஜெயராஜ் தன் அண்ணனைப் பார்த்தார்.

முடி முழுக்க வெளுத்துவிட்டது. சட்டைக் காலருக்குள் கழுத்து ஒரு சுற்று இளைத்திருந்தது. அப்பாவின் கழுத்து அப்படித்தான் கடைசியில் இருந்தது. 'ஒழுங்காச் சாப்பிடறதில்லையோ?' என்று நினைத்தார் ஜெயராஜ். அண்ணன் மட்டும் நேரே முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள். டிரேவர் திறக்கவில்லை. அத்தனை சரணத்தையும் மனப்பாடமாகப் பாடினார். 'பெருமை! எல்லாம் தெரியுமாம்!' என்று நினைத்தார் ஜெயராஜ். காணிக்கைப் பை வந்தபோது அண்ணி ஐரின் அதை வாங்கி டிரேவரின் கைக்கு அடியில் கொண்டுபோய்ப் பிடித்தாள். 'பையைக்கூட எட்டி வாங்கமாட்டாராம், துரை!' சாப்பாட்டுக் கவலை அத்தோடு போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து மேலே மின்விசிறி நின்றுவிட்டது. நெற்றிப்பொட்டுத் தைலம் வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கியது.

கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினால் கழுத்து இழுத்தது. அழுகை என்றால் அப்படியொரு அழுகை. தாரை தாரையாக. பின்னால் இருந்த மூன்று பெஞ்சும் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தது. பதினொரு வருஷம் அண்ணன் முகத்தைப் பார்க்காத மனுஷன், கண்கொட்டாமல் அண்ணனைப் பார்த்து அழுகிறார்! ஒரு கிழவி தன் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஐரின் திரும்பிப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள், டிரேவரின் காதில் என்னவோ சொன்னாள்.

வாசலில் போதகர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பிரதர், நான் எல்லாத்தையும் பாத்துட்டேன்."

"ஐயா, அது தைலம்."

"கூச்சப்படாதீங்க."

"கண்ணுல தைலம் போயிடுச்சுங்க ஐயா!"

"இத்தனை வருஷம் கழிச்சு வர்ற கண்ணீருக்கு ஒரு காரணம் சொல்லணும்னு தோணும். சொல்லுங்க, தப்பில்ல" என்று முதுகில் தட்டினார். தட்டிய இடம் கழுத்துக்கு நேர் கீழே.

திங்கட்கிழமை எலெக்ட்ரானிக் சிட்டி. ஜெயராஜுக்கு அங்கே ஒரு கம்பெனியில் போக்குவரத்துப் பிரிவில் வேலை. எந்த கேப் எந்த மேம்பாலத்தில் நிற்கிறது, யாரை ஏற்றவில்லை என்று நாள் முழுக்கத் திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். திரை அவருக்கு வலது பக்கம். இடது பக்கம் சங்கமித்ராவின் இருக்கை.

பதினோரு மணி வரை அந்தப் பெண் பொறுத்துக்கொண்டாள்.

"அங்கிள், காலையிலேர்ந்து என்னையே பாக்கறீங்க. என்ன, லிப்ஸ்டிக் ஜாஸ்தியா?"

"கழுத்தும்மா. மாட்டிக்கிச்சு."

"அட கடவுளே! சொல்லக் கூடாதா? நான் பேஜாராயிட்டேன். எழுந்திருங்க, சீட் மாத்திக்கலாம்."

மாற்றிக்கொண்டார்கள். இப்போது திரை சரியாக இடப்பக்கம் வந்தது. திரைக்குப் பின்னால் மானேஜரின் கண்ணாடி அறையும் வந்தது. மானேஜர் தலை நிமிரும்போதெல்லாம் ஜெயராஜ் அவரையே முறைத்துக்கொண்டிருந்தார். மூன்று தரம் வெளியே வந்து, "என்ன ஜெயராஜ், ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் மானேஜர். நான்காவது தரம், "சரி சரி, போன மாசம் கேட்ட லீவுதானே? எடுத்துக்குங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஜெயராஜுக்கு இவ்வளவு சுலபமாக லீவு கிடைத்ததில்லை. அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டு மேஜையைப் பார்த்து நின்றுவிட்டார். மூன்றடுக்கு டிபன் கேரியர். மூடியில் அம்மா பெயரின் முதலெழுத்து வெட்டியிருந்தது.

"ஐரின் அக்கா கொண்டுவந்தாங்க. தேங்காய்ப்பால் சாதம், கோளா உருண்டைக் குழம்பு" என்றாள் டோரீன்.

"யாரைக் கேட்டு வாங்கினே?"

"வாசல்ல வந்து நிக்கறவங்களை யாரைக் கேட்டு அனுப்பறது?"

"நான் தொட மாட்டேன்."

"தொடாதீங்க."

கால் மணி நேரம் கழித்து, குழம்பு கெட்டுப்போய்விட்டதா என்று பார்ப்பதற்காக ஒரே ஒரு உருண்டையைத் தொட்டார். கெடவில்லை. அம்மா கைப்பக்குவம் அப்படியே இருந்தது, ஏலக்காய் ஒன்று கூடுதலாக. டோரீன் துணி மடித்துவிட்டு வருவதற்குள் நடு அடுக்கு காலி.

பாத்திரம் வந்தால் திரும்பிப் போகவேண்டுமே? அங்கேதான் சிக்கல். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது இவர்கள் வீட்டில் வழக்கமில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். சர்க்கரை போட்டுக் கொடுத்தாலோ, கதவைத் திறந்துவிட்ட மாதிரி. கேரியர் கழுவித் துடைத்துக் குளிர்பெட்டியின் மேலே உட்கார்ந்தது. ஜெயராஜ் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவர் கழுத்து திரும்பியிருந்த பக்கம் அதுதான் இருந்தது.

அடுத்த ஞாயிறுக்குள் இந்தத் தப்பான பெயரைத் துடைத்தாக வேண்டும். மருந்துக் கடையில் ஒரு கழுத்துப் பட்டை வாங்கினார். பட்டையைப் பார்த்தால் கழுத்துக்குத்தான் வியாதி, மனசுக்கு ஒன்றுமில்லை என்று குழந்தைக்கும் புரிந்துவிடும் அல்லவா?

புரியவில்லை. பட்டை மோவாயை இரண்டு விரல்கடை தூக்கி நிறுத்தியது. முதல் ஞாயிறு ஓரக்கண்ணால் கொஞ்சம் கீழே பார்க்கவாவது முடிந்தது. இப்போது அண்ணன் முகத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பின் பெஞ்சில் கிசுகிசுத்தார்கள்.

"பாவம், இவ்வளவு வலியிலயும் அண்ணனைப் பாக்கணும்னு வந்திருக்காரு."

"அண்ணன்தான் கல்லு மாதிரி இருக்காரு. ஒரு தரம் திரும்பிப் பாத்தா என்ன குறைஞ்சுடும்?"

"ஷ்... சும்மா இரு. உனக்குத் தெரியாதா?"

ஜெயராஜ் காதில் 'என்ன குறைஞ்சுடும்' வரைதான் விழுந்தது. அதற்குப் பிறகு பட்டை காதை மூடிக்கொண்டது.

ஆமாம், ஒரு தரம் திரும்பிப் பார்த்தால் என்ன? இத்தனை நேரமாக ஒருத்தன் பார்த்துக்கொண்டிருக்கிறானே? பிரசங்கத்தின்போது ஜெயராஜ் தன்னையும் அறியாமல் அதற்காகக் காத்திருந்தார். டிரேவர் திரும்பவில்லை. ஐரின்தான் பார்த்தாள். மறுபடி அவர் காதில் என்னவோ சொன்னாள்.

டிரேவர் சிரித்தார்.

முன்னால் பார்த்தபடியே, யாருக்கும் சொல்லாமல் எதையோ ஒளித்து வைத்துக்கொண்ட மாதிரி ஒரு சிரிப்பு. சிரிப்பு அடங்கவே இல்லை. ஆசீர்வாத ஜெபத்திலும் இருந்தது.

'என் கழுத்துப் பட்டையைப் பாத்துச் சிரிக்கிறான்' என்று நினைத்தார் ஜெயராஜ். அன்று சாயங்காலம் வழக்கமான தலைவலியைவிட இரண்டு மடங்கு வந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை இந்தத் தலை வலது பக்கம் இருந்தாகணும்" என்று திங்கட்கிழமை சங்கமித்ராவிடம் சொன்னார்.

"எதுக்கு அங்கிள் வலது பக்கம்? நேரா இருந்தா போதாதா?"

"மொதல்ல நேரா வரட்டும். அப்புறம் நான் பாத்துக்கறேன்."

அவளுடைய அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி வந்தபோது கோரமங்களாவில் ஒரு கைரோபிராக்டரிடம் போனார்களாம். ஊசியில்லை, மாத்திரையில்லை, கையாலேயே முதுகெலும்பையும் கழுத்தையும் சரிசெய்கிற வைத்தியம். செவ்வாய்க்கிழமை அவளே ஆட்டோவில் அழைத்துப்போனாள். மாடியில் இருந்த அந்தச் சின்ன கிளினிக்கில் டாக்டர் கிரண் முதலில் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தமிழும் கன்னடமுமாகப் பேசினார்.

"எலும்புல ஏனும் இல்ல சார், ஒண்ணும் இல்ல. தசை பிடிச்சிருக்கு. யாரு திருப்பினாங்க இதை?"

"சலூன்ல..."

"அய்யோ தேவரே! சார், அது கழுத்து. பாட்டில் மூடி இல்ல. இனிமே அங்க தலையைக் குடுக்காதீங்க, முடியை மட்டும் குடுங்க." பிறகு விரலால் பிடரியின் இரண்டு பக்கத்தையும் தடவிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "ஆனா இது சலூன் வேலை மட்டும் இல்ல. ரொம்ப வருஷமா ஒரே பக்கம் இழுத்து இழுத்து வெச்சிருக்கீங்க. தலைவலி எப்ப வரும்?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம்."

"ஞாயித்துக்கிழமை காலையில என்ன பண்றீங்க?"

"கோயிலுக்குப் போவேன்."

"அங்க எந்தப் பக்கம் பாத்து உக்காருவீங்க?"

ஜெயராஜ் எக்ஸ்ரே உறையை மடித்தார், பிரித்தார். சங்கமித்ரா அவரையே பார்த்தாள்.

"வலது பக்கம்" என்றார் கடைசியில். "செவத்துல ஒரு சலவைக்கல் பலகை இருக்கு. அதைப் படிப்பேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒண்ணரை மணி நேரம்."

"அப்படி என்ன சார் எழுதியிருக்கு அதுல?"

"யாரோ வெள்ளைக்காரச் சிப்பாய். இருபத்திநாலு வயசு. ஜுரத்துல செத்துட்டான். அவங்க அண்ணன் கல்லு வெச்சிருக்கான்."

"எத்தனை வருஷமா படிக்கறீங்க?"

"பதினொண்ணு."

டாக்டர் கிரண் எக்ஸ்ரே படத்தைக் கீழே வைத்தார். பிறகு அவரை மெத்தையில் குப்புறப் படுக்கவைத்து, "ஸ்வல்ப லூஸ் விடுங்க. நான் சொடுக்கெல்லாம் எடுக்க மாட்டேன்" என்று சொல்லி, மாவு பிசைகிற பக்குவத்தில் ஆரம்பித்தார். செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு நாளும் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்தது. வீட்டில் செய்ய ஒரு பயிற்சியும் கொடுத்தார்.

"மெதுவா இடது பக்கம் திரும்புங்க. தோளுக்கு நேரா என்ன தெரியுதோ அதைப் பாருங்க. பத்து எண்ணுங்க. திரும்பி வாங்க. தினமும் நாலு வாட்டி."

"ஞாயித்துக்கிழமை விட்டுடலாமா டாக்டர்?"

"ஞாயித்துக்கிழமைதான் சார் முக்கியம்."

"சரியானப்புறம் பழையபடி வலது பக்கம் பாக்கலாம் இல்ல?"

"பாக்கலாம். தலைவலியும் பழையபடி வரும்."

சனிக்கிழமை மாலை ஜெயராஜின் கழுத்து இரண்டு பக்கமும் திரும்பியது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து பயிற்சி செய்தார். இடது தோளுக்கு நேரே டிபன் கேரியர். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். அப்பா பெட்டியருகே அண்ணன் கையைத் தூக்கியது நினைவுக்கு வந்தது. அழுகிறவன் கண்ணைத் துடைக்காமல் என்ன செய்வான்? இந்த எண்ணம் இதற்கு முன் ஏன் வரவில்லை என்று யோசித்தார். ஏழு வரை எண்ணினார். அப்புறம் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. எட்டுக்குப் போகாமல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிறு காலை, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எடுத்தபோது, கேரியர் கைக்குக் கனமாக இருந்தது. திறந்தார். மேலடுக்கு நிறையச் சர்க்கரை.

"யார் போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல. வெறும் பாத்திரம் போகக்கூடாது" என்றாள் டோரீன்.

ஜெயராஜ் சர்க்கரையைத் திருப்பி டப்பாவில் கொட்டினார். சிந்தாமல், நிதானமாக, அடுக்கைத் தட்டித் தட்டிக் கொட்டினார். டோரீன் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதை நான் குடுக்க மாட்டேன். நீங்களே குடுத்துக்குங்க. என்னால அக்கா மூஞ்சியில முழிக்க முடியாது" என்றாள். பிறகு, "என்னைப் பேச விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, அவர் கையைத் தூக்குவதற்குள் தானே நிறுத்திக்கொண்டாள். பழகிப்போய்விட்டது.

கோயிலில் ஜெயராஜ் தன் பழைய ஓரத்தில் உட்கார்ந்தார். பட்டையில்லை, தைலமில்லை. எல்லாரும் பார்க்கும்படி ஒரு தரம் தலையை இப்படியும் அப்படியும் அசைத்துவிட்டு, பதினொரு வருஷமாகப் பார்த்த வலது சுவரைப் பார்த்தார். பின்னால் இருந்த கிழவி, "ஐயோ, மறுபடியுமா!" என்றது அவர் காதில் விழுந்தது. கழுத்து விறைத்தது.

சலவைக்கல்லில் அந்தச் சிப்பாய் இன்னமும் இருபத்திநாலு வயசோடு செத்துக் கிடந்தான். ஒரு தரம் படித்தார். இரண்டாவது தரம் கடைசி வரிக்குப் போகாமல் நிறுத்திக்கொண்டார். எதிர் பெஞ்சிலிருந்து அண்ணன் குரல் பாட்டில் தனியாகக் கேட்டது. நாலாவது சரணத்தில் அந்தக் குரல் ஓரிடத்தில் தடுமாறியது. மனப்பாடம் தப்பிவிட்டதா? திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். இப்போது கழுத்தும் திரும்பும். திரும்பினால் வலிக்கவும் வலிக்காது.

திரும்பவில்லை.

ஆராதனை முடிந்தது. வழக்கம் போல முதல் ஆளாய் வெளியே வந்தும், இன்றைக்கு அவரால் போகமுடியவில்லை. கையில் கேரியர். ஐரின் டிரேவரின் கையைக் கோத்துக்கொண்டு படி இறங்கி வந்தாள். 'இந்த வயசுல கைகோத்துக்கிட்டு' என்று முகத்தைச் சுளித்தார் ஜெயராஜ். அவரை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு ஐரின் திரும்பினாள். ஜெயராஜ் எதிரே போய் நின்றார்.

"அண்ணி, பாத்திரம்."

பதினொரு வருஷத்துக்குப் பிறகு அண்ணியிடம் பேசிய முதல் வார்த்தை அது. ஐரின் வாங்கிக்கொண்டாள். வெறும் அடுக்குகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. அவள் கேரியரைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"கழுத்து தேவலையா தம்பி?"

"தேவலை. அதைச் சொல்லத்தான் நின்னேன். போன ரெண்டு வாரமும் நான் ஒண்ணும் அவரைப் பாக்கல. கழுத்து அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான். ஊர் என்ன வேணா பேசட்டும். நீங்க அவர்கிட்ட சொல்லிடுங்க."

"என்னன்னு சொல்லணும்?"

"நான் பாக்கலைன்னு. அப்புறம், ஒருத்தன் வலியில உக்காந்திருக்கறப்ப அவனைப் பாத்துச் சிரிக்கறது நல்லா இல்லைன்னும் சொல்லுங்க."

"உன்னைப் பாத்துச் சிரிச்சாரா?"

"நான்தான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேனே."

ஆட்டோ பத்தடி தள்ளி, ஜெயராஜுக்கு இடது பக்கம் நின்றிருந்தது. உள்ளே டிரேவர் நேரே முன்னால் பார்த்தபடி, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். முகத்தில் அதே சிரிப்பு இருந்தது. ஐரின் கேரியரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, ஆட்டோவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"அவருக்கு ரெண்டு கண்ணும் போய் ஒண்ணரை வருஷம் ஆச்சு தம்பி, ஞாயித்துக்கிழமை தவறாம 'ஜெயா என் பக்கம் பாக்கறானா'ன்னு என்னைத்தான் கேப்பார், போன ரெண்டு வாரம் 'பாக்கறான்'னு சொன்னேன், அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு, இன்னிக்கும் கேட்டார், பாக்கறான்னுதான் சொல்லி வெச்சிருக்கேன், என்னைப் பொய்க்காரி ஆக்கிடாதே."